வாவியைக் கடக்க வேண்டியது நோயாளியா, வைத்தியரின் சொல்லா?

(படுவான்கரையில் உழவரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



புற்றுநோயைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டத்தரணி எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயம். நோயைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. அதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்த நோயாளி நடக்கும் வழியைப் பற்றி. அந்த வழி என் மேசைக்கு அடிக்கடி வருகின்றது. எப்படி வருகின்றது என்று கேட்கிறீர்களா? ஈட்டு உறுதியாக வருகின்றது.

நொத்தாரிசு என்ற முறையில் காணி ஈடு எழுத வருகிறவரிடம் காரணம் கேட்பது என் வழக்கம். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. மனம் கேட்கச் சொல்கிறது. இந்தப் படுவான்கரையிலிருந்து விவசாயி ஒருவர் இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்க வந்தார். மனைவிக்கு மார்பிலே கட்டி என்றார். “அரசாங்க வைத்தியசாலையிலே காசு கேட்கிறார்களா?” என்றேன். “இல்லை ஐயா, ஊசியும் மருந்தும் சும்மாதான். போய்வரத்தான் காசு” என்றார்.

போய்வரத்தான்! இந்த ஒரு சொல்லுக்குள்ளே வான் கூலி இருக்கிறது. துணைக்குப் போகிறவரின் நாட்கூலி இருக்கிறது. அந்நிய ஊரிலே இரவு தங்கும் செலவு இருக்கிறது. வீட்டிலே விட்டுவந்த பிள்ளையின் பசி இருக்கிறது. நாற்று முற்றி நிற்க நடுவதற்கு ஆளில்லாத வயல் இருக்கிறது. இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு. அதை எவரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வைத்தியம் இலவசம், வழி இலவசமன்று என்பதை நம்மைப் போல் அறிந்தவர் எவருமிலர்.

இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகின்றது. அது வருமுன் நம்மவர் மகரகமவுக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். இரவு வண்டியேறினால் விடியற்காலையிலே கொழும்பு. அங்கிருந்து இன்னொரு பயணம். இப்பொழுதும் சில சிக்கலான சிகிச்சைகளுக்கும் மேலாலோசனைக்கும் அந்தப் பயணம் ஒழியவில்லை. மட்டுநகர் வரைதானே என்று சொல்வீர்களாயின், வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள எல்லைக் கிராமத்தாரையும், வாகரைக்கு அப்பாலுள்ளாரையும் கேட்டுப் பாருங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது வாவி குறுகிற்று என்று நாம் மகிழ்ந்தோம். குறுகியது உண்மை. ஆனால் ஊசி மருந்து ஏற்றி வாந்தியெடுத்தபடி பேருந்திலே திரும்பும் தாய்க்கு அந்தத் தூரம் குறுகவில்லை.

நண்பர்காள்! இந்தப் பயணங்களை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று, கைக்காகப் போகும் பயணம். கட்டியை வெட்ட ஒரு கை வேண்டும். சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க ஒரு கை வேண்டும். கதிர்வீச்சுக் கொடுக்க இயந்திரமும் அதை இயக்கும் கையும் வேண்டும். கழுத்திலே நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வைத்தியரின் விரல் வேண்டும். இந்தப் பயணத்தை எவராலும் இல்லாமற் செய்ய இயலாது. செய்யலாம் என்று சொல்கிறவர் ஏமாற்றுகிறார்.

மற்றொன்று, சொல்லுக்காகப் போகும் பயணம். சோதனை முடிவு என்ன என்று கேட்கப் போவது, அடுத்த ஊசி எப்பொழுது என்று கேட்கப் போவது, வாயிலே புண் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்கப் போவது, ஆறு மாதத்துக்கொரு முறை “எப்படி அம்மா இருக்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்விக்கு விடை சொல்லப் போவது. காலை நாலு மணிக்கு எழுந்து, இலக்கம் எடுத்து, நண்பகல் வரை வாங்கிலே இருந்து, ஐந்து நிமிடச் சொல்லைக் கேட்டுத் திரும்புவது.

கைக்காகப் போகும் பயணம் இருக்கட்டும். சொல்லுக்காக மக்கள் ஏன் போக வேண்டும்? சொல் அல்லவா வர வேண்டும்? இதுவே என் வழக்கு. இதற்குத்தான் தொலைமருத்துவம் என்று பெயர் சொல்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இங்கேதான் வீண் அலைச்சல் மிகுதி. புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து, நோய்க்கலத்தை மட்டும் தேடிக் கொல்வதன்று. எலும்பு மச்சையிலே பிறக்கும் வெண்குருதிக் கலங்களையும் அது தாக்கும். மருந்து ஏற்றியபின் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரையிலே அந்த எண்ணிக்கை பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். பிறகு மெல்ல ஏறும். அது போதிய அளவு ஏறியிருந்தால்தான் அடுத்த ஊசி. ஆகவே ஒவ்வொரு முறையும் முன்கூட்டிக் குருதி சோதிக்க வேண்டும். இப்பொழுது நடப்பதென்ன? நோயாளி அவ்வளவு தூரம் போகிறார். அங்கே குருதி கொடுக்கிறார். “எண்ணிக்கை குறைவு, அடுத்த கிழமை வாருங்கள்” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புகிறார். அடுத்த கிழமை மறுபடியும் அதே வான், அதே கூலி, அதே துணை.

அந்தக் குருதியை முதல்நாளே அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ பிரதேச வைத்தியசாலையிலோ எடுத்தால் என்ன? அந்த எண்ணை மட்டும் புற்றுநோய் வைத்தியரின் கண்ணுக்கு அனுப்பினால் என்ன? “நாளை வா” அல்லது “ஒரு கிழமை பொறு” என்ற சொல்லை அவர் திரையிலே தோன்றிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வைத்தியத்திலே ஒன்றும் குறையாது. ஈட்டு உறுதியிலே ஒரு பகுதி குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மருந்து ஏற்றிய நாட்களிலே காய்ச்சல் கண்டால், உடல்வெப்பம் 38 பாகையைத் தொட்டால், தொலைபேசியும் வேண்டாம், திரையும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வெண்குருதிக் கலம் இறங்கிய உடம்பிலே கிருமித் தொற்று மணிக்கணக்கிலே உயிரைக் குடிக்கும். தொலைமருத்துவத்தை வேண்டுகிற நானே இதைச் சொல்கிறேன்.

இஃதெல்லாம் பணக்கார நாட்டுக் கனவு என்று சிலர் நகைக்கலாம். பணக்கார நாடுகளிலே என்ன கண்டார்கள் என்பதை முதலிற் சொல்கிறேன். பிறகு நம் அயலுக்கு வருவோம். நியூயோர்க்கிலே ஒரு புற்றுநோய் வைத்தியசாலையிலே 766 நோயாளரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவார் தம் உடல்நோவையும் வாந்தியையும் களைப்பையும் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகத் தெரிவித்தார்கள். கடுமையானால் தாதிக்கு உடனே செய்தி போயிற்று. மற்றப் பிரிவார் வழமைபோல் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருந்தார்கள். 2017 இலே முடிவை வெளியிட்டார்கள். முதற்பிரிவாரின் வாழ்நாள் இடைநிலைக் கணக்கிலே 31 மாதம். மற்றவர்க்கு 26 மாதம். புதிய மருந்து ஒன்றுமில்லை. நோவைக் காலத்திலே சொன்னதும், சொன்னதைக் காலத்திலே கேட்டதும்தான் அந்த ஐந்து மாதம்.

2024 இலே இன்னொரு முடிவு வந்தது. முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 1,250 பேரில் ஒரு சாராருக்கு நோவு தணிக்கும் ஆலோசனையை நேரிலும், மறு சாராருக்குத் திரை வழியாகவும் வழங்கினார்கள். வாழ்க்கைத் தரத்திலே இரு சாராருக்கும் வேறுபாடில்லை. அமெரிக்கரின் உடம்பும் நம் உடம்பும் ஒன்றுதான்; தூரம்தான் நமக்கு மிகுதி, வசதிதான் நமக்குக் குறைவு. அப்படியாயின் திரை அவர்களைவிட நமக்கல்லவா முதலில் வேண்டும்?

அயலுக்கு வருவோம். கேரளத்திலே திருவனந்தபுரத்திலுள்ள பிராந்தியப் புற்றுநோய் நிலையம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலக்காடு, கொச்சி, கண்ணூர் முதலிய தூரத்து நிலையங்களோடு ‘ஒன்கோநெட்’ என்ற பெயரிலே தொடர்பு ஏற்படுத்திற்று. கண்ணூரிலிருந்து திருவனந்தபுரம் நானூறு கிலோமீற்றருக்கு மேல். நம் மகரகமக் கதைதான் அங்கேயும். சிகிச்சை முடிந்து பின்தொடர்ந்து பார்க்கவேண்டிய நோயாளி தன் அயல் நிலையத்துக்கு வருவார்; தலைநகரத்து வைத்தியர் திரையிலே பேசுவார்; நோயாளியின் ஏடு கணினியிலே இரு பக்கமும் விரியும். இன்றைய கைத்தொலைபேசி இல்லாத காலத்திலே செய்தார்கள். இன்று நம் வயல் வரம்பிலே நிற்கும் இளைஞன் கையிலுள்ள கருவி, அன்று அவர்கள் வைத்திருந்ததைவிட ஆற்றல் மிக்கது. இல்லாதது கருவியன்று.

நம் நாட்டிலேயும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2020 இலே கொரோனா ஊரடங்கின்போது, கிளினிக் நோயாளரின் மருந்தை அஞ்சல் திணைக்களம் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஊரடங்கு வந்தபோது முடிந்தது, ஊரடங்கு போனபின் ஏன் முடியாமற் போயிற்று? 2022 இலே எரிபொருள் இல்லாமல் நாடு வரிசையிலே நின்றதே, அப்பொழுது புற்றுநோயாளர் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊசி நாள் வருகிறது, வண்டிக்கு எண்ணெய் இல்லை. அன்று மந்திரிமார் பேசிய தொலைமருத்துவம், எண்ணெய் வந்ததும் எங்கே போயிற்று?

இனி வாய்ப் புற்றுநோய் பற்றிச் சில வார்த்தை. இலங்கை ஆண்களிடையே முதலிடத்திலே நிற்பது வாயும் தொண்டையும் சார்ந்த புற்றுநோயே. காரணத்தை நான் சொல்லவா வேண்டும்? வீட்டுக்கு வந்தவரை வட்டா வைத்து வரவேற்கும் பண்பு நமது. அந்தப் பண்பைப் பழிக்க நான் வரவில்லை. என் பாட்டனாரும் வெற்றிலை உரலோடு வாழ்ந்தவர். ஆனால் புகையிலை மட்டுமன்று, பாக்கே தனித்துப் புற்றுநோயை விளைக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இலே தீர்ப்பளித்துவிட்டது. மேன்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு. இரவெல்லாம் வயற்காவலில் இருந்து வாய் நிறையப் போடுகிறவர்களே, கன்னத்தின் உட்புறத்திலே வெள்ளைப் படலமோ, ஆறாத புண்ணோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ கண்டால் மறைக்காதீர்கள். அந்த நிலையிலே பிடித்தால் காப்பாற்றலாம்.

ஆனால் கண்டுபிடித்தாற் போதுமா? இங்கேதான் நம் நாட்டு ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்திலே, ஊரிலே பணியாற்றும் சுகாதார ஊழியருக்குப் பயிற்சி கொடுத்து, மக்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். ஏறத்தாழ 28,000 பேரைப் பார்த்தார்கள். 1984 இலே உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீட்டிலே அந்த முடிவு அச்சாயிற்று. மிகப் பெரும்பாலானவற்றை ஊழியர்கள் சரியாகவே இனங்கண்டிருந்தார்கள். குடும்பங்களைப் பார்க்க வரும் நம் மிட்வைஃப் மிஸ்ஸிமாரின் கண்ணுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால், “பெரிய வைத்தியரிடம் போ” என்று அனுப்பப்பட்டவர்களில் போனவர் எத்தனை பேர் தெரியுமா? பாதியைச் சற்றே தாண்டிய தொகையினர். மற்றவர் போகவில்லை. நோயைக் கண்டுபிடித்துவிட்டோம், வழியிலே தவறவிட்டோம்.

அந்தப் பாதிப்பேர் அறியாமையால் போகாமல் விட்டார்கள் என்று நகரத்திலிருந்து எழுதுவது எளிது. அறுவடை நாளிலே கூலியை விட்டு, நோவில்லாத ஒரு வெள்ளைப் படலத்துக்காக ஒருவன் இரண்டு பேருந்து மாறிப் போவானா? பெங்களூரைச் சேர்ந்த பல்வைத்தியர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஊர்ச் சுகாதார ஊழியர் கைத்தொலைபேசியாலே வாயின் படத்தை எடுத்து அனுப்புவார். தூரத்திலுள்ள வல்லுநர் பார்த்து, இவர் வரவேண்டும், இவர் வரவேண்டியதில்லை என்று பிரித்துச் சொல்வார். வரவேண்டியவர் மட்டும் வருவார். அவருக்கும், ‘போனால் ஏதோ சொல்வார்கள்’ என்பதல்ல, ‘இன்ன நாளிலே இன்ன சோதனை’ என்ற உறுதி கையிலிருக்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சட்டம் எங்கே நிற்கிறது?

1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாண சபைப் பட்டியலிலே இருக்கிறது. ஆனால் அதே பட்டியல் போதனா வைத்தியசாலைகளையும் சிறப்பு நோக்க வைத்தியசாலைகளையும் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே படுவான்கரையின் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கையில். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் மகரகமவும் மத்திய அமைச்சின் கையில். நான் கேட்கும் திரையின் ஒரு முனை மாகாணத்தின் கதிரையிலும், மறுமுனை மத்தியின் மேசையிலும் இருக்கிறது. இரு முனைக்கும் இரு கணக்கு, இரு சுற்றறிக்கை, இரு கையெழுத்து! தொலைமருத்துவம் நம்மிடம் வராமைக்கு இணையக் கம்பி காரணமன்று. இந்த இரண்டு கையெழுத்தும் ஒரு தாளிலே விழாமையே காரணம் என்பது என் எண்ணம். 2017 செப்டெம்பரிலே பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபை, அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது. கேட்க வேண்டியவர் கதிரையே வெறுமையாயிருந்தால் யார் கேட்பது?

அடுத்தது மொழி. மகரகமவிலே நம் தாய் ஒருத்தி தன் நோவைத் தமிழிலே சொல்ல, பக்கத்துக் கட்டிலார் அரைகுறையாக மொழிபெயர்க்க, வைத்தியர் ஊகித்து எழுதும் நிலையை அங்கே போய்வந்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ‘குத்துவலி’க்கும் ‘எரிவு’க்கும் ‘உளைவு’க்கும் வேறுபாடு தெரியாமல் மருந்தை எப்படி அளப்பது? அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, 1988 இன் பதினாறாவது திருத்தத்துக்குப் பின், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள இடத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழிலே கருமமாற்றும் உரிமையை நமக்குத் தருகின்றது. திரை வந்தால் இந்த உரிமை எளிதாக உயிர்பெறும். நோயாளியின் பக்கத்திலே அவர் ஊர் வைத்தியரோ தாதியோ இருப்பார். நோயாளி தமிழிலே சொல்வார். அவர் மருத்துவ மொழியிலே எடுத்துரைப்பார். இருபதாண்டு மேடையிலே மொழியுரிமை பேசியிருக்கிறேன். அந்த உரிமைக்கு இதைவிடப் பொருத்தமான ஓரிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நோவு மருந்து. முற்றிய நோய்க்கு மோர்ஃபின் வேண்டும். அது நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டத்துக்குள்ளே அடங்கியது. 1929 ஆம் ஆண்டுச் சட்டம். கண்ட இடத்திலே கொடுக்க இயலாது, கொடுக்கவும் கூடாது. இந்தியா 2020 மார்ச்சிலே தொலைமருத்துவ நெறிமுறைகளை வகுத்தபோது, இத்தகைய போதைசார் மருந்தைத் திரை வழியாக எழுதிக் கொடுப்பதைத் தடுத்தது. அது சரியே. ஆகையால்தான் வீட்டிலிருந்து தொலைபேசியிலே பேசும் முறை மட்டும் நமக்குப் போதாது என்கிறேன். நோயாளி தன் ஊர் வைத்தியசாலைக்கு வந்து இருக்கவேண்டும். நிபுணர் திரையிலே அளவைச் சொல்லவேண்டும். பக்கத்திலே நிற்கும் ஊர் வைத்தியர் தம் கையெழுத்தோடு மருந்தை எழுதவேண்டும். அந்த மருந்து அங்கேயே இருப்பிலே இருக்கவேண்டும். வேதனையிலே துடிக்கும் ஒருவரை ஒரு குப்பி மருந்துக்காக வாவி கடந்து வரச் சொல்வது கொடுமை.

நான்காவது, மறைவடக்கம். நம் பெண்கள் மார்பிலே கட்டி கண்டால் கணவனுக்கும் சொல்லாமல் மாதக்கணக்காக மறைப்பதுண்டு. அப்படிப்பட்டவளின் படம் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியிலே கிடந்து, வட்ஸ்அப்பிலே கைமாறினால் என்னவாகும்? ஒருத்திக்கு அது நேர்ந்தால் ஊரிலே ஒருத்தியும் அதன்பின் வரமாட்டாள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகுத்திருக்கிறது. சட்டம் ஏட்டிலே ஏறிவிட்டது என்று நாம் உறங்கிவிடலாகாது. படம் எடுப்பதற்கு நோயாளியின் சம்மதம் எழுத்திலே வேண்டும். வைத்தியசாலைக்குரிய கருவியிலன்றித் தனியார் தொலைபேசியிலே எடுக்கலாகாது. பெண்ணுக்குப் பக்கத்திலே பெண் தாதி இருக்கவேண்டும். மார்பைத் தொட்டுப் பார்க்க வேண்டியதைப் படத்திலே பார்ப்பதென்ற பேச்சே வேண்டாம். அது கைக்குரிய வேலை.

வெளிநாட்டிலுள்ள நம் வைத்தியர்களைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் நம்மவர் இருக்கிறார்களே, அவர்கள் திரையிலே வந்தாற் போதாதா என்கிறார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் போனவர்களும் ஏராளம். அவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்நாட்டிலே வைத்தியம் செய்ய இலங்கை மருத்துவ சபையிலே பதிவு வேண்டும். ஆகவே அவர்கள் நம் வைத்தியருக்கு ஆலோசனை சொல்லலாம். கடினமான ஒரு நோயாளியின் ஏட்டை இருவருமாகப் பார்க்கலாம். அது பெரும் உதவி. மருந்தெழுதும் கையும் பதிலளிக்கும் பொறுப்பும் இங்குள்ள வைத்தியருடையதாகவே இருக்கவேண்டும். தவறு நேர்ந்தால் நான் யார்மீது வழக்குத் தொடுப்பது? கடல்கடந்த திரைமீதா?

நண்பர்களே, இதிலே ஒரு பொறி இருக்கிறது. அரசியலிலே சில காலம் உழன்றவன் என்ற முறையிலே அதைச் சொல்லாமல் விட இயலாது. நாளைக்கு ஒரு மந்திரி வருவார், ஒரு திரையைத் திறந்துவைப்பார், நாடா வெட்டுவார், படம் பிடிப்பார். “உங்களுக்கு மகரகம வைத்தியரே வந்துவிட்டாரே, இனி மட்டக்களப்புக்கு இன்னொரு நிபுணர் எதற்கு? புதிய இயந்திரம் எதற்கு?” என்பார். அந்தப் பேச்சுக்கு இடங்கொடுத்தால் நாம் கேட்டதே நமக்குப் பகையாகும். திரையிலே தெரியும் வைத்தியர், கதிரையிலே இருக்கவேண்டிய வைத்தியருக்கு ஈடாகார். 2011 இலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டை நீளவாக்கிலே நடந்து பணம் திரட்டினார்கள். தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கத்தியரும் நடந்தார்கள், வடக்கத்தியரும் நடந்தார்கள். கட்டடமும் இயந்திரமும் நிபுணரும் வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே இருக்க, அதன்மேல் வைப்பதே திரைக் கோரிக்கை.

மற்றொரு பொறி, நேரம். நிபுணரின் மண்டபத்திலே நூறு பேர் இருக்கிறார்கள். அவர் எப்பொழுது திரைக்கு வருவார்? கிழமையிலே இன்ன நாள், இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று கடமைப் பட்டியலிலே எழுதப்படாவிட்டால், திரை பூட்டிய அறையிலே தூசு படிந்து கிடக்கும். அத்தகைய அறைகளை நான் கண்டிருக்கிறேன்.

“வயது போனவர்களுக்கு இந்தக் கருவி விளங்குமா?” என்று முன்வரிசையிலே ஒரு பெரியவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அவர்கள் கருவியைத் தொடவே வேண்டியதில்லை. கதிரையிலே இருந்து பேசினாற் போதும். கருவியைத் தாதி பார்த்துக்கொள்வார். எல்லைக் கிராமங்களிலே சிக்னல் மரத்திலேறினால்தான் கிடைக்கும் என்பதையும் நான் அறிவேன். அதனாலும்தான் வீட்டுத் தொலைபேசியை நம்பாமல், வைத்தியசாலை அறையைக் கேட்கிறேன். அங்கே நிலையான இணைப்பும், மின்சாரம் போனால் தாங்கும் மின்கலமும் இருக்கவேண்டும். மாரி வெள்ளத்தை மறவாதீர்கள். 2011 சனவரியிலே இந்த மாவட்டம் நீரிலே மிதந்தபோது தெருக்களெல்லாம் அறுந்தன. அப்படியொரு கிழமையிலே ஊசி நாள் வரும் நோயாளிக்கு, “பொறு, ஒரு கிழமை தவறினால் இன்னது செய்வோம்” என்று சொல்ல ஒரு குரலாவது எட்டவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. வாவிக்கு மேற்கே ஒரு வைத்தியசாலையிலும், வடக்கே வாகரைப் பக்கம் ஒன்றிலும், முதலிலே ஓர் அறை; அதற்கெனப் பயிற்றிய ஒரு தாதி; கிழமையிலே குறித்த ஒரு பகல்; முதல்நாளே குருதி எடுத்து எண்ணை அனுப்பும் ஒழுங்கு; மாகாணமும் மத்தியும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரே சுற்றறிக்கை. ஓராண்டு நடத்திப் பார்த்து, எத்தனை பயணம் குறைந்தது, எவரேனும் தாமதத்தால் கெட்டாரா என்ற இரண்டையும் எண்ணி வெளியிட வேண்டும். இரண்டாவது எண்ணிக்கையை மறைத்து முதலாவதை மட்டும் காட்டினால் நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள்.

மனுவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று ஆளுநருக்கு, ஒன்று சுகாதார அமைச்சுக்கு, ஒன்று மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கு. ஆனால் வெறும் மனுவைக் கண்டு எந்த அலுவலகமும் அசைந்ததாக நான் அறியேன். எண் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று கேளுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். நோயின் பெயரும் வேண்டாம். கடந்த ஓராண்டிலே கிளினிக்குக்கு எத்தனை முறை போனார்கள், அவற்றிலே எத்தனை முறை ஊசியோ சோதனையோ இல்லாமல் சொல்லை மட்டும் கேட்டுத் திரும்பினார்கள், ஒரு முறைக்குச் செலவு எவ்வளவு என்ற மூன்று கேள்வி மட்டும். கிளினிக் கொப்பியிலே திகதிகள் இருக்கும். பார்த்து எழுதுங்கள், மனத்திலே கணக்குப் போட வேண்டாம். எழுதுவதற்கான தாள்கள் வாசலிலுள்ள மேசையிலே இருக்கின்றன. ஊருக்கொரு கட்டு எடுத்துச் செல்லுங்கள். பெரும்போக அறுவடை தொடங்குமுன் அவை என் கைக்கு வந்துசேர வேண்டும்.